வியாழக்கிழமைச் சீட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய்யாகிவிடும் என்பதால், நான் முதலில் பார்த்ததையே முதலில் எழுதுகிறேன்.

அப்பாவின் பல் பிரஷ் காய்ந்திருந்தது.

இது மூன்று வாரத்துக்கு முன்னால். காலையில் அப்பா குளியலறையிலிருந்து வந்தார். குழாய் ஐந்து நிமிஷம் ஓடியது. கொப்பளித்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பேஸ்ட் வாசனையோடுதான் என்னைத் தாண்டிப் போனார். பின்னாலேயே முகம் கழுவப் போன நான் என் பிரஷை எடுக்கும்போது அவருடையதைத் தட்டிவிட்டேன். குனிந்து எடுத்தால், நார் எல்லாம் விறைத்துப்போய், மேலே தூசி படிந்து இருந்தது. பேஸ்டை விரலால் தொட்டு நாக்கில் தடவிக்கொண்டு வந்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது மனுஷர்.

நீ போன் பண்ணும்போதெல்லாம் நான் ‘ஆமா’, ‘இல்ல’, ‘சரி’ மூன்றைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை என்று திட்டுகிறாய். ஊமைக்கோட்டான் என்கிறாய். வீட்டில் இருப்பது ஒரே போன். அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் அது எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். செய்தி அனுப்பினாலும் அவர்தான் முதலில் திறந்து, அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். அதில் நான் என்னத்தைச் சொல்வது? உன் விடுதியில் தங்கியிருக்கும் நர்ஸ் விடுமுறைக்கு இங்கே வந்திருந்தார், நாளைக்கு அங்கே திரும்புகிறார். அவர் பெட்டியில் வைத்து அனுப்பலாம் என்றுதான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். பாதியில் வைத்துவிட்டுப் போன் பண்ணாதே.

போன வாரம் நீ கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "ஒரே ஒரு தாள்டி. பல் டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள். வீட்டுலயே கிடக்கற உனக்கு அதை வாங்கத் துப்பில்லையா?" என்று கேட்டாய். வீட்டிலேயே கிடக்கிறவள் என்ன செய்கிறாள் என்று கேள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் விடியும்போதே அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். நான்கு மணி நேரம் வெளியே இரும்பு நாற்காலியில் உட்காருகிறாள். மற்ற நாளெல்லாம் நம் குஷன் கடையில் பழைய சோபாவின் வயிற்றைக் கிழித்து, நைந்துபோன ஸ்பாஞ்சை உருவி எடுத்துவிட்டு, புது ரெக்ஸின் வெட்டுகிறாள். அப்பாவின் தண்ணீரை அளந்து ஊற்றுகிறாள். நீ அனுப்பும் பழச்சாறு வீடியோக்களை அம்மா பார்க்கும் முன்னால் அழிக்கிறாள். அக்கா, தயவுசெய்து அதை இனி அனுப்பாதே. ரத்தம் ஊறும் என்று யாரோ சொல்லும் அந்தப் பழங்களில் பாதி அப்பாவின் நெஞ்சையே நிறுத்திவிடும் என்று டயாலிசிஸ் சிஸ்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். உன் வீடியோவை நம்பி அம்மா ஒருநாள் அரை டம்ளர் கொடுத்தும் விட்டார். அன்றைக்கு எங்கள் பாடு என்ன ஆனது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது பல் விஷயம். உனக்குப் பாதிதான் தெரியும்.

ஆறு மாதமாக அப்பாவுக்கு ரத்த அளவு ஏறவே இல்லை. அதற்கான ஊசியை இரண்டு மடங்கு ஆக்கியும் ஏறவில்லை. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் இன்னொரு சோதனையில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. கிட்னி பார்க்கும் பெரிய டாக்டர் ஒவ்வொரு மாதமும் அதைச் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, எங்கேயோ உள்ளுக்குள் கனன்றுகொண்டு இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை என்பார். டயாலிசிஸ் ஊசி குத்தும் கையைப் பார்த்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். கால்விரல் இடுக்கு வரைக்கும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வாயைத் திற என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நீ சிறுநீரகம் தருகிறேன் என்று சொன்ன பிறகு, ஆபரேஷனுக்கு முன்னால் முடிக்கவேண்டிய சோதனைகளின் பட்டியல் ஒன்று கொடுத்தார்கள். அதில் கடைசிக்கு முந்தின வரியில் ‘பல்’ என்று இருந்தது. அதனால்தான் ஈறு டாக்டரிடமே போனோம்.

அவர் மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு விட்டு ஐந்து, ஏழு, ஆறு, ஏழு என்று சொல்லிக்கொண்டே போனார். பக்கத்தில் ஒரு பெண் எழுதிக்கொண்டே வந்தார். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாதாம். கம்பி தொட்ட இடமெல்லாம் ரத்தம். முன்பல் இரண்டிலும் இருந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு, என்ன மெல்லுவீர்கள் என்று கேட்டார். அப்பா, ஆணி என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். முப்பது வருஷமாகக் குஷன் ஆணியைக் கைப்பிடி கைப்பிடியாக வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுத்து அடிப்பவர் என்பதை அந்த டாக்டருக்கு யார் விளக்குவது? ஆணிக்குப் பதிலாகப் பின் அடிக்கும் ஸ்டேப்ளர் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அது உறை பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. வாங்கும்போது கேட்ட அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லையாம். சுத்தியல் சத்தம் மட்டும் சங்கீதம் போல.

ஈறுக்குள் இருக்கும் புண்ணையெல்லாம் சேர்த்து விரித்தால் உள்ளங்கை அளவு வரும் என்று டாக்டர் சொன்னார். அவ்வளவு பெரிய புண் காலில் இருந்தால் சும்மா விட்டுவிடுவீர்களா என்று அப்பாவைக் கேட்டார். வாயை நான்கு பாகமாகப் பிரித்து, நான்கு முறை வரவழைத்து, ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும். தினமும் இரண்டு வேளை ஒழுங்காகப் பல் துலக்கவேண்டும். இவ்வளவுதான் வைத்தியம். அந்தச் சிவப்புச் சுழி எண் இதனால் குறையுமா என்று நான் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நல்லவேளை, அவரே சொன்னார். நிறையப் பேருக்குக் குறைந்திருக்கிறதாம், சத்தியம் செய்து சொல்ல முடியாதாம், குறைந்தால் ரத்த ஊசி சரியாக வேலை செய்யலாமாம். கடைசியில் பெரிய டாக்டருக்குப் போகவேண்டிய தாளைக் காட்டி, நான்கு முறையும் முடிந்தால்தான் கையெழுத்து என்றார். மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்க மருந்து கொடுப்பார்களாம். இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு அதைச் சாப்பிட்டால், உள்ளே இருப்பது உடம்பு முழுக்கப் பரவிவிடுமாம்.

இன்னொன்றும் சொன்னார். அதை அப்பா காதில் வாங்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கிட்னி மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இந்தப் புண்ணை இப்படியே விடக்கூடாது, அது இதயத்துக்கும் ஆகாது என்றார்.

முதல் முறை ஒரு வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. டயாலிசிஸ் அன்று ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏற்றுவார்கள். அன்றைக்கே ஈறில் கை வைத்தால் ரத்தம் நிற்காது. அதனால் மறுநாள்தான் வரவேண்டும். இதை டாக்டரும் சொன்னார், சிஸ்டரும் சொன்னார், மருந்துக்கடைக்காரர்கூடச் சொன்னார்.

இதற்கு அப்புறம்தான் வியாழக்கிழமைகள் ஆரம்பித்தன.

அடுத்த முறைக்கு நாள் குறித்த சீட்டை அப்பாதான் வாங்குவார். சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். போகவேண்டிய அன்று காலையில்தான் என்னிடம் சொல்வார். இன்றைக்கு டயாலிசிஸ் ஆயிற்றே என்றால், அவங்க போட்ட நாள், போய்த்தான் ஆகணும் என்பார். டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோய் இருப்பவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஈறு டாக்டரின் மாடிக்கு ஏற்றுவேன். உள்ளே போனால், இன்றைக்கு டயாலிசிஸா, அப்படியானால் முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள். மறுவாரமும் அதே வியாழன். அதே இரண்டு பஸ், அதே மாடி, அதே பதில். அப்பா படியிறங்கிக்கொண்டே, அவங்களுக்கென்ன, அலையறது நாமதானே என்று அலுத்துக்கொள்வார். எனக்கு அந்தச் சீட்டுக் கொடுக்கும் அம்மாள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எழுதத் தெரியாமல் எழுதி எங்களை இப்படிச் சாகடிக்கிறார் என்று பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் அவரைக் கிழி கிழி என்று கிழிப்பேன். நேரில் போய் நின்றால், சரிங்க.

அந்த நேரத்தில்தான் காய்ந்த பிரஷைப் பார்த்தேன். ஒருநாள் மறந்திருக்கலாம் என்று நினைத்து, சோபா தைக்கும் நைலான் நூலில் ஓர் இழையை எடுத்து அதன் நாரில் சுற்றி வைத்தேன். கண்ணுக்கே தெரியாது. நான்கு நாள் இருந்தது அக்கா. நான்கு நாளும் குழாய் ஓடியது, கொப்பளிப்புக் கச்சேரி நடந்தது, நூல் அப்படியே இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். மெஷினில் கிடந்துவிட்டு வரும் மனுஷன், அலுப்பில் ஒருநாள் தேய்த்திருக்க மாட்டார், அப்பனுக்கே வேவு பார்க்கிறாயா என்று எனக்குத்தான் கிடைத்தது. பேக்டரி நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அவர் காலையில் போனால் மாலையில் வருகிறவர். அப்பா சொல்வதெல்லாம் அவருக்கு வேதம்.

மூன்றாவது வியாழன் நான் பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். டயாலிசிஸ் வாசலில் உட்கார்ந்து நான்கு மணி நேரமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். அன்றும் திருப்பி அனுப்பினார்கள். அப்பாவைக் கீழே படிக்கட்டில் உட்காரவைத்துவிட்டு மறுபடியும் மேலே ஏறிப்போய்க் கண்ணாடி முன்னால் நின்று, எங்களுக்கு வியாழக்கிழமை போடாதீர்கள், அன்று டயாலிசிஸ் என்று சொன்னேன். குரல் வெளியே வந்ததா என்று எனக்கே சந்தேகம். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"நான் வெள்ளிக்கிழமைதாம்மா எழுதினேன். உங்கப்பாதான் ஒவ்வொரு தடவையும் வந்து, வேலை இருக்கு, வியாழனுக்கு மாத்துங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போறாரு."

வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் அப்பா பெயர் மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்திருந்தது. இத்தனை நாள் மனதுக்குள் நான் கிழித்த அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. அதற்கும் வாய் வரவில்லை. சரிங்க என்றுவிட்டுத்தான் வந்தேன்.

அன்று முழுக்க நான் அப்பாவிடம் பேசவில்லை. நான் எப்போதும் பேசுவதில்லை என்பதால் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. இந்த வாய் நமக்கு இருந்து என்ன பிரயோஜனம் சொல்.

மறுநாள் கடையில் அவர் ஒரு நாற்காலிக்கு இருக்கை அடித்துக்கொண்டு இருந்தார். வாய் நிறைய ஆணி. நான் வீட்டிலிருந்து பிரஷை எடுத்துக்கொண்டு போயிருந்தேன், நூலோடு. அதை அவர் அடித்துக்கொண்டிருந்த இருக்கைமேல் வைத்தேன். பிரஷைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். அவர் கடையின் நூல் அவருக்குத் தெரியாதா? சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வாயிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் அடுக்கினார். ஏழு ஆணி. இரண்டின் தலையில் சிவப்பு ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அவ வயித்துல கத்தி வைக்கறதுக்கு நான் தினமும் பல்லு தேய்க்கணுமா?"

அக்கா, இந்த இடத்தில் கடிதத்தைக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்.

அவர் சொன்னது இவ்வளவுதான். நீ தருகிறேன் என்ற முதல் வாரமே உன்னிடம் வேண்டாம் என்று சொன்னாராம். நீ சிரித்துக்கொண்டே, லீவு எழுதிக் கொடுத்தாச்சு, இனி பேச்சில்லை என்றாயாம். பெரிய டாக்டரிடம் சொன்னாராம். அவர் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள் என்றாராம். அம்மாவிடம் சொன்னாராம். அம்மா அழுதாராம். தனக்குச் சர்க்கரை இருப்பதால் தன்னிடமிருந்து எடுக்க மாட்டார்கள், மகளாவது தருகிறாளே என்று அழுகிறவளிடம் எதைச் சொல்வது என்று கேட்டார். உனக்கு இருபத்தாறு வயது, இன்னும் உன் வாழ்க்கையே ஆரம்பிக்கவில்லை என்றார். அவர் வேண்டாம் என்றதை யாரும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் அந்தப் பட்டியலில் ‘பல்’ வந்தது. கையெழுத்து விழாதவரை ஆபரேஷன் நடக்காது. யாரிடமும் சண்டை இல்லை, யார் மனசும் நோகாது, நாள் மட்டும் தள்ளிக்கொண்டே போகும், ஒருநாள் நீயே அலுத்துவிடுவாய் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. மூன்று வியாழன், ஆறு பஸ், அந்த மாடிப்படி, உன்னிடம் வாங்கிய வசவு எல்லாம் ஒன்றாக வந்தது. "வேணாம்னா வாயால சொல்லுங்க. வாயில புண்ணை வளர்த்து வெச்சுக்கிட்டு சொல்லாதீங்க" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். கிட்னிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, மாற்றாவிட்டாலும் இந்த வாய் உங்களைத் தின்றுவிடும், அக்காவைக் காப்பாற்றுகிறேன் என்று உங்களையே அரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். இன்னொரு வாக்கியமும் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். நான் அழுதால் அவர் ஜெயித்துவிடுவார். விழுங்கிவிட்டேன்.

ஆணியை வாயில் போடப் போனவர், என்னைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் கொட்டி ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி அடித்தார். பழக்கமில்லாததால் இரண்டு முறை விரலில் அடித்துக்கொண்டார். இருக்கை முடிந்து, நாற்காலியைத் திருப்பி நிறுத்தி, உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க என்று கேட்டார். பத்து மணி என்றேன். நீயே போய் எழுதிட்டு வா என்றார். என்னைப் பழிவாங்கிவிட்டார் பார். அவருக்குத் தெரியும், நான் அந்தக் கண்ணாடி முன்னால் நிற்பதற்கு எத்தனை மணி நேரம் சொல்லிப் பார்க்கவேண்டும் என்று. திங்கட்கிழமை போய் எழுதிவிட்டு வந்தேன். இதோ, சீட்டு என் பையில்தான் இருக்கிறது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. வருவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. பிரஷை நான் இப்போது தொட்டுப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லச் சொல்லி அவர் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை போன் பண்ணும்போது தாளைப் பற்றிக் கேட்காதே. லீவு, டிக்கெட் என்று ஆரம்பிக்காதே. சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இரு. நீ சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர் வேண்டாம் என்று சொன்னால் சிரிக்காதே. அதை முழுசாகச் சொல்லவிடு. அதற்குப் பிறகும் நீ தருகிறேன் என்று சொன்னால், அதையும் அவர் முழுசாகக் கேட்கட்டும். ஈறு டாக்டர் கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளை நான் உனக்கு அனுப்பமாட்டேன். அப்பா கையில் கொடுத்துவிடுவேன். அவர் அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நான் யார் பக்கம் என்று கேட்காதே. எனக்குப் பதினேழு வயது என்பதால் என்னிடமிருந்து எடுக்கமாட்டார்கள். அதனால் எது வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவும் இல்லை. கேட்டாலும் என்ன சொல்வேன்? தரட்டும் என்றால் நீ இருக்கிறாய், வேண்டாம் என்றால் அவர் இருக்கிறார்.

அங்கே குளிர் அதிகம் என்று அந்த நர்ஸ் சொன்னார். நீ கேட்ட கம்பளிச் சட்டையைக் கழுத்துப் பெரிதாகத் தைத்து வைத்திருக்கிறேன், போட்டுப் பார்த்துவிட்டுக் குறை சொல். நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா. முழுசாகப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பேச்சையும் சேர்த்து இந்த வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும்
தங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன்னால் ரேடியோ கடைக்காரரிடம் போய், அப்பாவின் ஆணி இனி வாய்க்குப் போகாமல் ஒட்டிக்கொள்ள, உடைந்த ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கேட்டேன். நானே கேட்டேன். ஊசி குத்தும் கையில் எதையும் கட்டக் கூடாது என்பதால், அப்பா வேலை செய்யும்போது மாட்டிக்கொள்ளும் ரெக்ஸின் ஏப்ரனில், நெஞ்சுக்கு நேராகக் காந்தத்தை உள்ளே வைத்துத் தைத்தேன். மேலே ஏழு ஆணியை ஒட்டவைத்து, அவருடைய சுத்தியல் தொங்கும் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன்.